குற்றாலச் சாரலில் மர ஓடு வீடு: எந்த மரம் தாங்கும், எங்கே வைத்தால் தாங்கும்?

ஜூன் பிறந்ததும் தென்காசிக்காரர்கள் அண்ணாந்து பார்ப்பது மேற்கு மலையைத்தான். மேகம் இறங்கி, செங்கோட்டைக் கணவாய் வழியே குளிர்ந்த காற்று வந்துவிட்டால், குற்றாலத்தில் சீஸன் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அருவியில் கூட்டம், சாலையோரத்தில் பழக்கடை, தங்கும் விடுதிகளில் 'ரூம் இல்லை' போர்டு.

இந்தச் சாரலை நம்பி வீடு கட்டுகிறவர்களும் உண்டு. சொந்தத்துக்கு ஒரு சின்ன வீடு, சீஸனில் வாடகைக்கு விட ஒரு காட்டேஜ், இருக்கிற மாடியில் கூடுதலாக ஓர் அறை என ஆளுக்கு ஒரு திட்டம். பல குடும்பங்களில் அந்தத் திட்டம் செல்போனில் பார்த்த ஒரு படத்திலிருந்து தொடங்குகிறது. பனி மலையடிவாரம், சரிந்த கூரை, மீன் செதில் போல வரிசை வரிசையாக மரத்துண்டுகள் போர்த்திய சுவர். 'நம்ம ஊரும் மலையடிவாரம்தானே, இதே மாதிரி கட்டினால் என்ன?' என்ற கேள்வி வருவது இயல்பு.

கட்டலாம். ஆனால் எந்த மரம், வீட்டின் எந்தப் பக்கம், எந்த முறையில் என்ற மூன்றையும் சரியாக முடிவு செய்யாவிட்டால், வீட்டுக் கடன் தீர்வதற்குள் மரம் தீர்ந்துவிடும்.

மர ஓடு என்பது எது?

மரத்தைச் சின்னச் சின்னப் பலகைகளாக அறுத்தோ பிளந்தோ, ஒன்றின் மேல் ஒன்று பாதி மறையும்படி வரிசையாக அடிப்பதுதான் மர ஓடு. ஆங்கிலத்தில் 'வுட் ஷிங்கிள்ஸ்' என்பார்கள். மண் ஓடு செய்யும் அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. மேலே விழும் தண்ணீரை அடுத்த வரிசைக்குக் கைமாற்றி, கீழே இறக்கிவிடுகிறது.

கடைக்குப் போகும்போது ஒரு குழப்பம் வரும். நம் ஊர்க் கடைகளில் வெறுமனே 'ஷிங்கிள்ஸ்' என்று கேட்டால், பெரும்பாலும் தார் பூசிய மெல்லிய ஷீட்டைத்தான் காட்டுவார்கள். மரம்போலத் தெரியும் பிளாஸ்டிக் கலவைப் பலகையும் உண்டு. இவை மரமும் அல்ல, ஒன்றுக்கொன்று சமமும் அல்ல. 'அசல் மரமா, என்ன மரம், எந்த ஊர் மரம்?' என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைத்த பிறகே விலை பேசவேண்டும்.

உலகில் மர ஓட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. இமாசலப் பிரதேசம் மணாலியில் 1553-ல் கட்டப்பட்ட ஹிடிம்பா தேவி கோயிலின் அடுக்குக் கூரை, தேவதாரு மரத்தால் வேய்ந்தது. நார்வேயின் போர்குண்ட் மரத் தேவாலயம் எட்டு நூற்றாண்டுகளுக்கு முற்பட்டது. அதன் கூரையும் மர ஓடுதான், தார் பூசிப் பூசிப் பாதுகாக்கிறார்கள். தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் சிலோயே தீவில் மழைக்குப் பஞ்சமே இல்லை. அங்கே மர ஓடு போர்த்திய 16 மரத் தேவாலயங்களை 2000-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

'அங்கெல்லாம் நிற்கிறதே, இங்கே நிற்காதா?' என்று கேட்கலாம். அந்த மூன்று இடங்களிலும் இருக்கும் ஒன்று தென்காசியில் இல்லை. குளிர்.

பெருமழையைவிடச் சாரல் பொல்லாதது

மரத்தை மக்க வைப்பது தண்ணீர் அல்ல, பூஞ்சை. பூஞ்சை வளர ஈரமும் வேண்டும், இதமான வெப்பமும் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவிகிதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதற்கு வேலை இல்லை. 25, 30 சதவிகிதத்தைத் தாண்டி, அப்படியே பல நாள்கள் நீடித்தால் வேலையைத் தொடங்கிவிடும். நமக்கு இதமாக இருக்கும் 25 முதல் 30 டிகிரி வெப்பம் அதற்கும் இதம்தான்.

அமெரிக்க மர ஆய்வாளர் ஷெஃபர், 1971-ல் ஒரு கணக்குச் சூத்திரம் தந்தார். தரையில் படாமல் வெளியே நிற்கும் மரம் ஓர் ஊரில் எவ்வளவு வேகமாக மக்கும் என்பதை அந்த ஊரின் வானிலையைக் கொண்டே மதிப்பிடும் முறை அது. மாதத்தின் சராசரி வெப்பநிலையிலிருந்து 2-ஐக் கழிக்கவேண்டும். மழை நாள்களின் எண்ணிக்கையிலிருந்து 3-ஐக் கழிக்கவேண்டும். இரண்டையும் பெருக்கி 16.7-ஆல் வகுத்தால் அந்த மாதத்தின் மதிப்பெண். 12 மாதங்களையும் கூட்டி, 35-க்குக் கீழே வந்தால் ஆபத்து குறைவு. 65-ஐத் தாண்டினால் அதிகம்.

இந்தக் கணக்கில் எத்தனை சென்டிமீட்டர் மழை பெய்தது என்ற கேள்வியே இல்லை. எத்தனை நாள்கள் நனைந்தது என்பதுதான் கேள்வி. 0.25 மில்லிமீட்டர் தூறினாலும் அது ஒரு மழை நாள். அதாவது சட்டை லேசாக நனையும் சாரலும் கணக்கில் முழு நாள்தான்.

ஒரு மாதத்தின் சராசரி வெப்பநிலை 27 டிகிரி, சாரல் விழுந்தது 15 நாள்கள் என்று வைத்துக்கொள்வோம். 25-ஐ 12-ஆல் பெருக்கி 16.7-ஆல் வகுத்தால், ஏறத்தாழ 18. இப்படி நான்கே மாதங்கள் போனால் 72. வருடத்தில் மீதி எட்டு மாதங்களும் வறண்டு கிடந்தாலும், அந்த ஊர் 'அதிக ஆபத்து' வரிசைக்குப் போய்விடும்.

தென்காசி, குற்றாலம் பகுதிக்கு இரண்டு பருவமும் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குச் சாரல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஒரே அடியாகக் கொட்டிவிட்டு வெயில் அடிக்கும் ஊரில் மரம் காய்ந்துவிடும். ஐந்து நிமிடம் வெயில், பத்து நிமிடம் தூறல் என்று நாள் முழுவதும் விளையாடும் ஊரில் காயவே நேரம் கிடைக்காது. குளிர் நாட்டு விற்பனையாளர் தன் மரத்துக்குச் சொல்லும் ஆயுளை அப்படியே குற்றாலத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

முன்னோர் செய்த ஏற்பாடு

இந்தப் பகுதியின் பழைய கட்டடங்களைப் பார்த்தால் ஒரு பாடம் தெரியும். நடராஜருக்கான ஐந்து சபைகளில் ஒன்றான குற்றாலம் சித்திர சபையின் கூரை செப்புத் தகடு வேய்ந்தது. திருநெல்வேலி தாமிர சபையில் கண்ணைப் பறிக்கும் மர வேலைப்பாடுகள் உண்டு. அதற்கும் மேலே போர்த்தியிருப்பது செப்புத் தகடுதான். அழகுக்கு மரம், மழைக்கு உலோகம் என்று பிரித்து வைத்தார்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்களுக்கு அங்குள்ள மரத்தூண்களும் மரச் சட்டச் சுவர்களும் நினைவிருக்கும். நல்ல மழைப் பகுதி அது. ஆனால் மேலே சரிவான மண் ஓட்டுக் கூரை. அந்தக் கூரை சுவரைத் தாண்டி வெளியே நீண்டு, குடை பிடித்ததுபோலத் தாழ இறங்கி நிற்கும். மழை நேரடியாக மரத்தில் விழுவது அரிது. விழுந்தாலும் சட்டங்களுக்கு நடுவே காற்று புகுந்து உலர்த்திவிடும்.

மரம் நனையக் கூடாது என்பது முதல் விதி. நனைந்தால் சீக்கிரம் காயவேண்டும் என்பது இரண்டாவது விதி. மரத்தின் ஜாதி, விலை, பூச்செல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

சுவருக்குச் சரி, கூரைக்கு யோசிக்கவேண்டும்

செங்குத்தான சுவரில் விழும் தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும். கூரையில் அது மெதுவாக நகரும். இலை விழுந்து தேங்கும், பாசி பிடிக்கும். நேர் வெயிலும் அங்கேதான். அதனால் ஒரே மரம் சுவரில் உழைக்கும் காலத்துக்குக் கூரையில் உழைக்காது.

குற்றாலம், மேலகரம், இலஞ்சி போன்ற மலையோர ஊர்களில் கூரைக்கு மண் ஓடோ உலோகத் தகடோ போட்டுவிட்டு, உள்பக்கம் மரப்பலகை மச்சு அடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். வீட்டுக்குள் படுத்துக்கொண்டு பார்த்தால் மரக்கூரை. வெளியே மழையை வாங்குவது ஓடு. 1865-ல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஓட்டு ஆலையிலிருந்து பரவிய சீமை ஓடு, மேற்கு மலைத்தொடர் ஓரமெங்கும் வீடுகளின் தலையில் ஏறியது சும்மா அல்ல.

சுவரிலும் நான்கு பக்கமும் ஒன்றல்ல. தென்மேற்குச் சாரல் மேற்கிலிருந்து அடிக்கும். பிற்பகல் வெயிலும் அதே மேற்குச் சுவரைத்தான் தாக்கும். நனைந்து, சுட்டு, மறுபடி நனைந்தால் மரம் வெடிக்கும், வளையும். மர ஓட்டுக்கு ஏற்ற இடம், திண்ணையோ வராந்தாவோ உள்ள பக்கம். கூரை இரண்டரை, மூன்று அடியாவது வெளியே நீண்டிருக்கும் சுவர். மேற்குச் சுவரைச் சிமென்ட் பூச்சுக்கு விட்டுவிடலாம்.

வைரமா, வெள்ளையா?

மரத்தை வெட்டிப் பார்த்தால் நடுவில் கருத்த பகுதி, ஓரத்தில் வெளுத்த பகுதி. கருத்ததைத் தச்சர்கள் 'வைரம்' என்பார்கள். வெளுத்ததை 'வெள்ளை' என்பார்கள். மரத்துக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்த உயிருள்ள பகுதி வெள்ளை. அதில் மாவுச்சத்து இருக்கும். பூச்சிக்கும் பூஞ்சைக்கும் அது விருந்து. வைரத்தில் மரமே சேர்த்து வைத்த எண்ணெயும் பிசினும் கசப்பும் இருக்கும்.

'தேக்கு வாங்கினேன், இரண்டே வருடத்தில் உளுத்துவிட்டது' என்று புலம்புகிறவர் பொய் சொல்லவில்லை. அவர் வாங்கியது தேக்கின் வெள்ளையாக இருக்கும். தேக்கின் வைரம்தான் கரையானுக்கு அசைந்துகொடுக்காது. வெள்ளை, மற்ற மரங்களின் வெள்ளையைப் போலத்தான். சீக்கிரம் வெட்டிய இளந்தேக்கில் வெள்ளை அதிகம். மர ஓடு அரை அங்குலக் கனம்தான் என்பதால், அதில் கொஞ்சம் வெள்ளை கலந்தாலும் அந்த ஓடே போய்விடும்.

டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் மரங்களின் ஆயுளை அறிய, வைரக் கட்டைகளைப் பாதி மண்ணில் புதைத்து வைத்துப் பார்க்கும். சராசரியாக 120 மாதங்களோ அதற்கு மேலோ தாங்கினால் முதல் வகுப்பு. 60 முதல் 120 மாதங்கள் என்றால் இரண்டாம் வகுப்பு. 60-க்குக் கீழே மூன்றாம் வகுப்பு. மரம் வாங்கும்போது பெயரோடு இந்த வகுப்பையும் கேட்கலாம். இது வைரத்துக்கான வகுப்பு, மரம் முழுமைக்குமானது அல்ல என்பதை மறக்கக் கூடாது.

இந்தப் பக்கம் கிடைக்கும் மரங்கள்

தென்காசிக்காரர்களுக்கு மரம் தூரத்துப் பொருள் அல்ல. செங்கோட்டையில் மர அறுவை மில்கள் உண்டு. மலைக்கு அப்பால் ஆரியங்காவு, புனலூர் பக்கம் கேரள மரச் சந்தை. எதை எடுக்கலாம், எதை விடலாம்?

தேக்கு: வெளி வேலைக்கு முதல் தேர்வு. காய்ந்த பிறகு வளையாது, சுருங்குவது குறைவு. 'முழு வைரம், வெள்ளை இல்லாமல்' என்று சொல்லியே வாங்கவேண்டும்.

அயனி: கேரளத்தில் ஆஞ்சிலி என்பார்கள். அங்கே சுண்டன் வள்ளம் எனும் பாம்புப் படகு செய்யும் மரம் இது. தண்ணீரோடு பழகிய மரம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். தேக்குக்கு அடுத்து யோசிக்கத்தக்கது.

பலா: அயனியின் உறவுதான். மஞ்சள் வைரம் நன்றாக உழைக்கும். கூரை நிழலில் இருக்கும் சுவருக்குப் பொருந்தும்.

வேங்கை: உறுதியானது. ஆனால் நனைந்தால் சாயம் இறங்கும். கீழே வெள்ளைச் சுவர் இருந்தால் கோடு கோடாகக் கறை படியும்.

கோங்கு: கனமும் கடினமும் அதிகம். துளை போடாமல் ஆணி இறங்காது. கிடைப்பதும் அரிது.

பழைய மரம்: இடித்த வீடுகளின் உத்திரம், தூண், கதவுகளை விற்கும் கடைகள் பல ஊர்களில் உண்டு. காரைக்குடி இதற்குப் பெயர் போனது. பல பத்தாண்டுகள் காய்ந்த பர்மா தேக்கு கிடைத்தால் அதை அறுத்து ஓடாக்கலாம். உள்ளே பழைய ஆணி இருக்கிறதா, வண்டுத் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும்.

ரப்பர் மரம்: மலைக்கு அந்தப் பக்கம் தாராளம், விலையும் மலிவு. மருந்து ஏற்றி வீட்டுக்குள் நாற்காலி, மேசை செய்யலாம். வெளிச்சுவருக்கு வேண்டாம்.

பைன்: வெளிநாட்டுப் பெட்டி மரமாக வரும் பைன், படத்தில் பார்த்த அதே நிறத்தில் இருக்கும். மருந்து ஏற்றாத பைன் குற்றாலச் சாரலுக்கு நிற்காது. வெளிநாட்டுச் சிடார் மரத்தின் வைரத்துக்கு இயற்கையாகவே எதிர்ப்புச் சக்தி உண்டு. ஆனால் அதன் பெயரெல்லாம் குளிர் நாட்டில் எடுத்த பெயர்.

பனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென் மாவட்டத்து ஓட்டு வீடுகளைத் தாங்கி நிற்பது பனங்கைதான். பனைக்கு உறுதி வெளிப்பக்கத்தில், உள்ளே சோறு. அதனால்தான் தொல்காப்பியத்தின் மரபியல், வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும், உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் பிரித்தது. அந்தக் கணக்கில் பனை ஒரு புல்! கைமரமாகப் பனை அருமை. அகலமான ஓடாக அறுக்க அதில் இடமில்லை.

மருந்தும் எண்ணெயும்

மரத்துக்கு மருந்து ஏற்றுவதில் இந்தியாவுக்கு ஒரு பெருமை உண்டு. செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த 'சிசிஏ' மருந்தை 1933-ல் கண்டுபிடித்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சோன்டி காமேசம். உலகம் முழுவதும் தந்திக் கம்பங்களையும் வேலிக் கால்களையும் காப்பாற்றிய மருந்து அது. ஆர்சனிக் விஷம் என்பதால், குடியிருக்கும் வீடுகளில் இதைப் பல நாடுகள் பின்னர் கட்டுப்படுத்தின. இப்போது ஆர்சனிக் இல்லாத செம்பு மருந்துகள் உள்ளன.

நினைவில் வைக்கவேண்டியவை மூன்று. பிரஷ்ஷால் தடவும் மருந்து மேல்தோலோடு நின்றுவிடும். அழுத்தம் கொடுத்து ஏற்றினால்தான் உள்ளே போகும். தேக்கு வைரம் மருந்தைக் குடிக்காது, அதற்குத் தேவையும் இல்லை. போராக்ஸ் வகை மருந்துகள் மழையில் கரைந்து போய்விடும், அவை வீட்டுக்குள் உள்ள மரத்துக்குத்தான்.

மருந்து ஏற்றிய மரத்துண்டுகளை அடுப்பில் எரிக்கக் கூடாது. அதன் மேல் வழியும் மழைநீரைக் குடிக்கவும் சேமிக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், கூரைக்கு மர ஓடு யோசிப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

மேல்பூச்சுக்குப் பளபளக்கும் வார்னிஷ் வேண்டாம். அது தோல்போல உறைந்து, வெடித்து, வெடிப்பு வழியே போன தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். மரத்துக்குள் ஊறும் எண்ணெய்ப் பூச்சு நல்லது. தெற்கே காலம் காலமாக மரத்துக்குத் தடவும் முந்திரிக்கொட்டை எண்ணெய் கரையானைத் தடுக்கும். மரம் கறுத்துவிடும், கையில் பட்டால் தோல் பொத்துவிடும், கையுறை அவசியம். எந்த எண்ணெயானாலும் ஒரு முறை தடவி மறந்துவிட முடியாது. வருடா வருடம் மே மாதம், சாரலுக்கு முன்னால் சுவரைப் பார்த்து, தேவையான இடத்தில் மறுபடி பூசவேண்டும். இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடிக்கும் விதத்தில் இருக்கிறது ஆயுள்

நல்ல மரத்தையும் தவறாக அடித்தால் வீண். தச்சரிடம் முன்கூட்டியே பேசவேண்டியவை இவை:

• ஓட்டை நேராகச் சிமென்ட் சுவரில் ஒட்டக் கூடாது. முதலில் செங்குத்து ரீப்பர், அதன் மேல் குறுக்கு ரீப்பர், பிறகு ஓடு. சுவருக்கும் ஓட்டுக்கும் இடையே ஓர் அங்குலம் காற்று ஓடவேண்டும். மேலும் கீழும் பூச்சி புகாத வலை.

• பக்கத்துப் பக்கத்து ஓடுகளுக்கு நடுவே ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி. நனைந்தால் மரம் உப்பும். இடம் இல்லாவிட்டால் ஒன்றையொன்று தள்ளி எழும்பிவிடும்.

• மேல் வரிசை இடைவெளி, கீழ் வரிசை இடைவெளிக்கு நேராக வரக் கூடாது. ஒன்றரை அங்குலமாவது தள்ளி இருக்கவேண்டும்.

• ஓர் ஓட்டுக்கு இரண்டு ஆணி போதும். துருப்பிடிக்காத எஃகு அல்லது செம்பு ஆணி. சாதா இரும்பாணி போட்டால் மரத்தின் துவர்ப்போடு சேர்ந்து கறுப்புக் கண்ணீர் வடியும். ஆணித்தலை மரத்துக்குள் புதையக் கூடாது.

• தரையிலிருந்து எட்டு அங்குலத்துக்குக் கீழே மரம் வரக் கூடாது. கீழே மண் மேடோ செடித்தொட்டியோ இருந்தால் கரையான் ஏணி போட்டுக்கொள்ளும்.

பிளந்த ஓடும் அறுத்த ஓடும் ஒன்றா என்ற கேள்வி வரும். பிளக்கும்போது நார் வழியே மரம் பிரியும், தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகும். அறுக்கும்போது நார் அறுபடும், தண்ணீர் உள்ளே இறங்க வாய்ப்பு அதிகம். ஆனால் மில்லில் அறுப்பதுதான் இங்கே நடைமுறை. ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக வரும்படி அறுக்கச் சொன்னால் ஓடு வளைவது குறையும்.

எவ்வளவு மரம் வேண்டும்?

20 அடி நீளம், 10 அடி உயரச் சுவர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200 சதுர அடி. ஓடு 18 அங்குல நீளம், 6 அங்குல அகலம், அரை அங்குலக் கனம். சுவரில் ஓட்டின் பாதிக்கும் குறைவாகவே வெளியே தெரியவேண்டும். 7 அங்குலம் தெரிய அடித்தால் 686 ஓடுகள். சேதாரத்துக்கு 10 சதவிகிதம் சேர்த்தால் 755. மரமாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 24 கன அடி.

அதே 200 சதுர அடி கூரை என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே தெரியவேண்டும். எந்த இடத்திலும் மூன்று அடுக்கு இருக்கவேண்டும் என்பதற்காக அப்படி. ஐந்தரை அங்குலம் தெரிய அடித்தால், சேதாரத்தோடு 960 ஓடுகள், 30 கன அடி. அதிக மரம், குறைந்த ஆயுள்.

இது ஓடாக முடிந்த மரத்தின் அளவு. அறுக்கும்போது ரம்பத்தூளாகப் போவதும், வெள்ளையைக் கழிப்பதும் தனி. ரீப்பர், ஆணி, தச்சுக் கூலி, எண்ணெய் தனி. கடைக்காரர் சொல்லும் கன அடி விலையை இந்த எண்ணால் பெருக்கிப் பார்த்தபின், 'நான்கு பக்கமும் வேண்டுமா, முன்பக்கம் மட்டும் போதுமா?' என்ற கேள்விக்கு வீட்டில் தானாகவே பதில் வந்துவிடும்.

தீ, குரங்கு, ரசீது

1923-ல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் மலைப்புல்லில் பற்றிய தீ, சுமார் 600 வீடுகளை எரித்தது. கூரைக்குக் கூரை தாவ வழி செய்தவை காய்ந்த மர ஓடுகள். நம் ஊரில் தீபாவளி ராக்கெட்டும், கார்த்திகைச் சொக்கப்பனைப் பொறியும் போதும். கூரையில் மரம் வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம். சுவரிலும் சமையலறைப் புகைபோக்கி, மின் மீட்டர் பெட்டி உள்ள பக்கத்தைத் தவிர்க்கவேண்டும்.

குற்றாலத்தில் குரங்குகள் ஒரு தனிப் பிரச்னை. தளர்ந்த ஓட்டைப் பிடுங்கிப் பார்ப்பதில் அவற்றுக்குச் சலிப்பே வராது. ஆணி தளராமல் பார்த்துக்கொள்வது இதற்காகவும்தான்.

மரம் வாங்கும்போது ரசீதும், வெளியூரிலிருந்து வருவதானால் வனத்துறையின் போக்குவரத்து அனுமதியும் கேட்டு வாங்கவேண்டும். ஈட்டி மரத்துக்குத் தமிழ்நாட்டில் 1994-ல் தனிப் பாதுகாப்புச் சட்டமே இயற்றப்பட்டது. குற்றாலத்துக்கு மேலே இருப்பது காப்புக்காடு. 'மலையிலிருந்து வந்தது, விலை கம்மி' என்று காதோடு சொல்லும் மரம், வீட்டையும் காட்டையும் சேர்த்தே பாதிக்கும்.

வாங்குவதற்கு முன் ஒரு சீஸன் சோதனை

மொத்தப் பணத்தையும் போடுமுன் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். விற்பவர் காட்டும் மரத்தில் ஒவ்வொரு வகையிலும் ஐந்து ஓடு வாங்குங்கள். ஒரு துண்டைச் சமையலறைத் தராசில் நிறுத்து, வெயிலில் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை தினமும் நிறுத்துப் பாருங்கள். எடை நிறையக் குறைந்தால் உங்களுக்குப் பச்சை மரத்தை விற்கப் பார்க்கிறார்கள் என்று பொருள்.

மீதி ஓடுகளை மே மாதக் கடைசியில் ஒரு பலகைச் சட்டத்தில் அடித்து, வீடு வரப்போகும் மனையிலேயே மேற்குப் பார்த்து நிறுத்துங்கள். ஒரு வரிசைக்கு எண்ணெய், ஒரு வரிசை வெறுமனே. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் சாரல் முழுவதும் அதன் மேல் விழட்டும். செப்டம்பரில் போய்ப் பார்த்தால் எது வளைந்தது, எது வெடித்தது, எதில் பூஞ்சை கறுத்தது, எதில் ஆணி துருப்பிடித்தது என்று எல்லாமே கண்ணுக்குத் தெரியும். கத்தி முனையால் ஓரத்தைக் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அந்த மரத்தை மறந்துவிடலாம்.

வீடு கட்ட ஒரு சீஸன் தாமதமாகும்தான். ஆனால் நான்கு வருடம் கழித்துச் சாரம் கட்டி, மக்கிய ஓடுகளைப் பிடுங்கிப் போடுவதைவிட அந்தத் தாமதம் மலிவு.